எம்-புக்கில் ஏறாத வேலை

பழனிக்கு அடுத்த ஊர் ஒட்டன்சத்திரம். அங்கிருந்து தாராபுரம் வழியாக அவிநாசிபாளையம் போகும் சாலையை நான்குவழியாக்கும் ஒப்பந்தம் 2018இல் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. ரூ. 713 கோடி மதிப்பிட்ட வேலை ரூ. 1,515 கோடிக்கு ஏற்றப்பட்டது என்பது அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராக திமுகவின் ஆர்.எஸ். பாரதி கொடுத்த புகாரின் ஒரு பகுதி. அந்த அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை போட்டது. 2022 ஆகஸ்டில் உத்தரவையே நீக்கி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. முதற்கட்ட விசாரணை ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஆட்சி மாறியது என்பதற்காக மட்டும் மறுபடி தொடங்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

டெண்டர் வழக்கு என்றதும் டீக்கடையில் நினைவுக்கு வருவது இந்த மாதிரி வழக்குதான். கட்சி, கோடி, சி.பி.ஐ. எல்லாம் அதில் உண்டு. ஆனால் அரசு வேலை எடுப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் தகராறு வேறு. வேலை முடிந்து இரண்டு வருஷமாகிறது, ஃபைனல் பில் போடவில்லை. கூடுதலாகச் செய்த வேலையைக் கணக்கில் ஏற்றவில்லை. தாமதத்துக்கு அபராதம் பிடித்துவிட்டார்கள். வைப்புத்தொகையைத் திருப்பித் தரவில்லை. எண்ணிக்கையில் பெரிதும், பத்திரிகையில் சிறிதுமான வழக்குகள் இவை.

இந்தச் சின்னத் தகராறுகளுக்கான சட்டம் எழுபது ஆண்டுகளில் ஏட்டளவில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஒப்பந்ததாரர் பக்கம் சாயும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சட்டம் யாருக்குக் கைகொடுக்கிறது என்பதுதான் கேள்வி. நூறு கோடி வேலை எடுக்கும் நிறுவனத்துக்கு உதவும் அளவுக்கு, நகராட்சியில் நாற்பது லட்சத்துக்கு வாய்க்கால் கட்டுபவருக்கு அது உதவுவதில்லை.

முதலில், தகராறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசுக் கட்டுமானத்தில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் அளவுப் புத்தகம், அலுவலக வழக்கில் எம்-புக். உதவிப் பொறியாளர் அளந்து எழுதுவார். உதவி செயற்பொறியாளர் செக் மெஷர்மென்ட் செய்வார். செயற்பொறியாளர் பில்லை அனுமதிப்பார். அந்தப் பில்லில் தனிநபர் காண்ட்ராக்டருக்கு வருமானவரி 1 சதவீதம், ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நலநிதி 1 சதவீதம், மணல் ஜல்லிக்கான கனிமக் கட்டணம், அதற்கு மேல் பராமரிப்புக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கும் தொகை எனப் பிடித்தங்கள் போகும். மீதிதான் கைக்கு வரும். இவ்வளவுக்கும் முதல் நிபந்தனை, வேலை எம்-புக்கில் ஏறியிருக்க வேண்டும் என்பது. தளத்தில் நிற்கும் சுவர் புத்தகத்தில் இல்லையென்றால், பில்லைப் பொறுத்தவரை அந்தச் சுவர் கட்டப்படவே இல்லை.

மலையடிவார ஊரில் இது எப்படி நடக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாய்க்கால் வேலை. எஸ்டிமேட்டில் சாதாரண மண் தோண்டும் விலை போட்டிருக்கிறார்கள். மூன்றடி தோண்டியதும் பாறை. பாறை உடைக்கும் விலை வேறு; மண்ணுக்குரியதைவிடப் பல மடங்கு. காண்ட்ராக்டர் வேலையை நிறுத்தி, கடிதம் கொடுத்து, திருத்திய மதிப்பீடு ஒப்புதலாகி வரும்வரை ஜே.சி.பி.யை வாடகைக்கு நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிடும். “நீங்க உடைச்சுட்டுப் போங்க, ரிவைஸ்டு எஸ்டிமேட்ல சேர்த்துக்கலாம்” என்று ஒரு வாய்வார்த்தை வரும். உடைப்பார். அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போவார். அடுத்து வருபவர் பார்க்கும்போது பாறை இருந்த இடத்தில் கான்கிரீட் இருக்கும். பாறையை எதை வைத்து அளப்பது?

அரசு ஒப்பந்தம் கவர்னர் பெயரில், அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்தோடு, எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 299ஆம் பிரிவு. வாய்வார்த்தைக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் சட்டம் கதவை முழுக்க அடைத்துவிடவில்லை. 1944இல் வங்காளத்தில் குடிமைப்பொருள் வழங்கல் துறைக்காக பி.கே. மொண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் அதிகாரிகள் கேட்டபடி மண்சாலையும் கொட்டகைகளும் போட்டுக்கொடுத்தது. முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு பணம் தர மறுத்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவை எடுத்தது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் ஏற்று அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு தர வேண்டும். அரசுக்கும் இது பொருந்தும் என்றது. இன்றும் கூடுதல் வேலைக்கான வழக்குகளில் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். ஒரு சிக்கல்: வேலை செய்ததையும் அரசு அதை ஏற்றதையும் நிரூபிக்க வேண்டும். உடைத்த பாறையின் புகைப்படம், தேதியிட்ட கடிதம், வெடிமருந்துக்காரர் பில், லாரி சீட்டு இவற்றில் எதுவும் இல்லாதவருக்கு 70ஆம் பிரிவும் உதவாது.

பழனியில் கட்டடம் கட்டும் பெரிய கை அரசு மட்டும் அல்ல. தண்டாயுதபாணி சுவாமி கோயிலும் உண்டு. நிர்வாகம் அறநிலையத் துறை கையில் இருந்தாலும் கோயில் தனிச் சட்ட நபர். அதன் ஒப்பந்தம் கவர்னர் பெயரில் வராது, 299ஆம் பிரிவின் சிக்கலும் வராது. பதிலுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது: கோயில் பணத்தை அந்த வேலைக்குச் செலவிடலாமா என்ற கேள்வி. கோயில் நிதியில் திருமண மண்டபங்கள் கட்ட அனுமதித்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. இப்படி அரசாணையே விழும்போது, அதை நம்பி வேலை எடுத்தவர் நிலை என்ன என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அடுத்த பெரிய தகராறு காலதாமதம். ஒப்பந்தத்தில் பதினெட்டு மாதம் என்று இருக்கும். வேலை முப்பது மாதம் இழுக்கும். துறை சொல்லும் காரணம், காண்ட்ராக்டரிடம் ஆளும் இல்லை பணமும் இல்லை. காண்ட்ராக்டர் சொல்வது, இடத்தை முழுசாக ஒப்படைக்கவில்லை, மின்கம்பத்தை நகர்த்தவில்லை, குடிநீர்க் குழாயை மாற்றவில்லை. இரண்டிலும் உண்மை இருக்கும். பழனிச் சாலைகளுக்கு இன்னொன்றும் சேரும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் லட்சக்கணக்கான பாத யாத்திரைக்காரர்கள் நடக்கும் ரோட்டில் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டுப் போக முடியாது. அந்த நாட்கள் யார் கணக்கு? திருவிழா வரும் என்று டெண்டர் போடும்போதே காண்ட்ராக்டருக்குத் தெரியும் என்பார் அரசு வக்கீல். வேலையை நிறுத்தச் சொல்லி எழுத்து உத்தரவு வந்திருந்தால் அதற்குக் கால நீட்டிப்பு தர வேண்டும் என்பார் எதிர்த்தரப்பு. கடைசியில் கேள்வி மறுபடியும் அந்த எழுத்து உத்தரவு இருக்கிறதா என்பதில் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயங்கள் முக்கியம். 1979இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில், கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் இடம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலக்கெடுவே உயிர்நாடி என்று சாதாரணமாகக் கருத முடியாது என்றது. எனவே தேதி தாண்டிய உடனே ஒப்பந்தத்தை முறித்துவிட முடியாது. இரண்டாவது இன்னும் அடிப்படையானது. தாமதத்துக்கு யார் காரணம் என்பதை ஒப்பந்தத்தின் ஒரு தரப்பான அரசு தானே தீர்மானித்துத் தானே அபராதம் விதிக்கலாமா? கூடாது என்று 1987இல் ஸ்ரீ ராமேஸ்வரா ரைஸ் மில்ஸ் வழக்கிலும், 2011இல் குவாஹாட்டி விமான நிலைய விரிவாக்க வேலை பற்றிய ஜே.ஜி. இன்ஜினியர்ஸ் வழக்கிலும் சொல்லிவிட்டது. அபராதத்தின் அளவைப் பொறியாளர் கணக்கிடலாம். மீறியது யார் என்பதை மூன்றாமவர்தான் சொல்ல வேண்டும். தெளிவான சட்டம். இருந்தும், ‘செயற்பொறியாளரின் முடிவே இறுதியானது’ என்ற வரியைக் காட்டிக் கடைசிப் பில்லில் அபராதம் பிடிக்கும் பழக்கம் போகவில்லை.

விலையேற்றம், வரியேற்றம் பற்றிய தகராறுகளை வேகமாகக் கடந்துவிடலாம்; விதி எளிது, சண்டை பெரிது. 2017 ஜூலைக்கு முன் பழைய வரிக் கணக்கில் விலைப்புள்ளி போட்டவர்கள் ஜி.எஸ்.டி. வந்ததும் மாட்டிக்கொண்டார்கள். அரசுக் கட்டுமானத்துக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. ஒரு கோடி வேலைக்கு ஆறு லட்சம் கூடுதல். பல சிறு காண்ட்ராக்டர்களுக்கு லாபமே அவ்வளவுதான். வித்தியாசத்தை யார் ஏற்பது என்று உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன.

பிறகு ஃபைனல் பில் நாள். ‘இத்துடன் எனக்கு வேறு கோரிக்கை ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தால்தான் செக். வட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தைப் பிடிக்கும்போது யார்தான் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்? அப்படி எழுதிக் கொடுத்ததாலேயே உரிமை போய்விடாது என்று 2006இல் அம்பிகா கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கிலும், 2011இல் குஜராத்தின் ஆர்.எல். கலாத்தியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிர்ப்பந்தத்தில் எழுதியது என்பதைக் காட்ட வேண்டும். அனுபவமுள்ள காண்ட்ராக்டர் அன்றைக்கே ஒரு மறுப்புக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவார். மற்றவர்கள் மூன்று மாதம் கழித்து வக்கீலிடம் வந்து “அப்போ சொன்னாங்க, கையெழுத்துப் போட்டேன்” என்பார்கள்.

சரி, போவது எங்கே?

டெண்டர் கட்டத்திலேயே தகராறு என்றால் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1998இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. விதிகள் 2000இல் வந்தன. வேலை யாருக்கு என்ற முடிவை எதிர்த்துப் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். நாள் எண்ணிக்கையைத் தவறவிட்டு நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுபவர்களிடம் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ரிட்டிலும் இப்போது இடம் சுருங்கிவிட்டது. 1994இன் டாடா செல்லுலார் தீர்ப்பு முதல், முடிவெடுத்த முறையைத்தான் நீதிமன்றம் பார்க்கும், முடிவை அல்ல. 2018இல் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் திருத்தப்பட்டபின் உள்கட்டமைப்பு வேலையைத் தாமதப்படுத்தும் தடையுத்தரவு சிவில் நீதிமன்றத்தில் கிடைக்காது. 2022இன் என்.ஜி. ப்ராஜெக்ட்ஸ் வழக்கில், ரிட்டிலும் வேலையை நிறுத்தாதீர்கள், தவறு நடந்திருந்தால் நஷ்டஈடு கொடுங்கள் என்ற திசைக்கு உச்ச நீதிமன்றம் வந்துவிட்டது. சாலை வேண்டிக் காத்திருக்கும் ஊருக்கு அது நியாயம்தான். தோற்ற டெண்டர்தாரருக்கு அந்த நஷ்டஈட்டை நிரூபிப்பது குதிரைக்கொம்பு.

பில் பாக்கிக்கு அதிகம் மிதிபடும் பாதை மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அது திறந்ததிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்துக் காண்ட்ராக்டர்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சம். அங்கே பெரும்பாலும் கிடைப்பது, ‘மனுதாரரின் கோரிக்கை மனுவைப் பரிசீலித்து, இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி முடிவெடுக்கவும்’ என்ற உத்தரவு. செலவு குறைவு, சீக்கிரம் வரும், அதிகாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார். துறையில் கோப்பு அசையாமல் கிடந்தால் இது உண்மையிலேயே உதவும். ஆனால் ‘பரிசீலித்தோம், நிராகரிக்கிறோம்’ என்று பதில் வந்தால் வந்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். அதற்குள் காலவரம்பு ஓடிவிடும். காலாவதியான கோரிக்கைக்கு மனு போட்டுப் பதில் வாங்கினால் புது வழக்குக் காரணம் பிறக்காது என்று 2008இல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ஊழியர் பணி சம்பந்தப்பட்டது என்றாலும் தத்துவம் இங்கும் கடிக்கும். செய்த வேலைக்கான பணத்துக்கு, தவணை தேதி குறிக்காதபோது, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அரசு வழக்குப் போட வேண்டுமானால் அதே காலவரம்புச் சட்டம் முப்பது ஆண்டு கொடுக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றி யாரும் அதிகம் கோபப்படாதது ஆச்சரியம்.

சிவில் வழக்கு என்றால் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ். கட்டுமான ஒப்பந்தமும் டெண்டரும் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வருவதால், மூன்று லட்சத்துக்கு மேல் என்றால், அவசர நிவாரணம் கேட்காதவரை, முதலில் சமரச மையம்; 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்குக்குப் பிறகு அது கட்டாயம். பிறகு கோர்ட் ஃபீஸ். தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்ததை 2017இல் 3 ஆக்கினார்கள். நாற்பது லட்ச பாக்கிக்கு ரூ. 1.20 லட்சம் கட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

பெரிய நிறுவனங்களுக்கு வேறு வழி இருக்கிறது: நடுவர் மன்றம், பேச்சு வழக்கில் ஆர்பிட்ரேஷன். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை நிபந்தனைகளின் வேர் சென்னை மாகாணக் காலத்து ‘மெட்ராஸ் டீடெய்ல்டு ஸ்டாண்டர்டு ஸ்பெசிஃபிகேஷன்ஸ்’. பழைய முறையில் இன்னொரு வட்டத்தின் கண்காணிப்புப் பொறியாளரே நடுவர். வேலை தெரிந்தவர் என்பது நல்லது. எதிர்த்தரப்பின் சம்பளக்காரர் என்பது கெட்டது. நடுவர் சட்டத்தின் 2015 திருத்தம் ஒரு தரப்பின் ஊழியர் நடுவராக முடியாது என்று அதை வெட்டியது. அதன்பின் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பட்டியலைக் காட்டி ‘இதிலிருந்து தேர்ந்தெடு’ என்னும் முறை பெருகியது. திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி அகலப்பாதை மாதிரியான வேலைகளைக் கொடுக்கும் ரயில்வேயின் பொது நிபந்தனைகள் இதற்குப் பேர்போனவை. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பின் வழக்கில், ஒரு தரப்பு தானே பட்டியல் போட்டு அதற்குள் மற்றவரைக் கட்டிப்போடுவது சமத்துவத்துக்கு எதிரானது என்று முடித்துவைத்தது.

முறை சரியானது, செலவு சரியாகவில்லை. சட்டத்தின் மாதிரி அட்டவணைப்படி நாற்பது லட்சக் கோரிக்கைக்கு ஒற்றை நடுவர் கட்டணம் ஏறக்குறைய ரூ. 1.97 லட்சம், இரு தரப்புக்கும் பாதிப்பாதி. மூவர் என்றால் இன்னும் ஏறும். மேல்தட்டில் கணக்கே வேறு: சென்னை மெட்ரோவுக்கும் ட்ரான்ஸ்டொன்னெல்ஸ்ட்ராய்–அஃப்கான்ஸ் கூட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஓர் அமர்வுக்கு ஒரு லட்சம் இருந்த கட்டணத்தை நடுவர்கள் இரண்டு லட்சமாக்கியதே உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 அக்டோபரில் மெட்ரோவுக்கு எதிராக முடிந்தது.

நடுவர் தீர்ப்பு வந்துவிட்டால் பணம் வந்துவிடுமா? டைனா டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் 1994இல் இறால் பண்ணை ஒன்றுக்குக் கட்டுமான வேலை எடுத்தது. சில வாரங்களில் வேலை நிறுத்தப்பட்டது. சும்மா நின்ற இயந்திரங்களுக்கு 1998இல் நடுவர்கள் ஈடு கொடுத்தார்கள். அந்தப் பகுதியை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நடுவர் காரணம் சரியாக எழுதவில்லை என்றது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காரணம் போதாதுதான், ஆனால் இருபத்தைந்து ஆண்டு ஆகிவிட்டது என்று சொல்லி, ரூ. 30 லட்சத்தை முழுத் தீர்வாகக் கொடுக்கச் சொல்லி முடித்தது. எதிர்த்தரப்பு தனியார் நிறுவனம். அரசாக இருந்தால் அதற்கும் மேல் ஒரு ‘மேல்முறையீடு செய்யலாமா’ என்ற கோப்பு ஊர்வலம் இருக்கும். தோற்ற அதிகாரி மேல்முறையீடு செய்யாமல் விட்டால் தணிக்கைக்காரரும் லஞ்ச ஒழிப்புத் துறையும் கேள்வி கேட்பார்களே என்ற பயம்தான் அந்த ஊர்வலத்தை நடத்துகிறது. அதைத் தெரிந்துதான் 2016இல் மத்திய அமைச்சரவை, எதிர்த்து வழக்குப் போட்டாலும் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை வங்கி உத்தரவாதத்தின் பேரில் கொடுத்துவிட வேண்டும் என்றது. 2023இல் ‘விவாத் சே விஸ்வாஸ்’ இரண்டாம் திட்டம், நீதிமன்றத்தில் ஜெயித்தவருக்கு 85, நடுவரிடம் ஜெயித்தவருக்கு 65 சதவீதம் வரை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளச் சொன்னது. ஜெயித்தவர் கழிவு கொடுத்து வாங்கும் விசித்திரம்.

இப்போது காற்று மாறியிருக்கிறது. 2024 ஜூன் 3 அன்று மத்திய நிதியமைச்சகம், பத்துக் கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு ஆர்பிட்ரேஷன் ஷரத்தை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சமரசத்தை நாடுங்கள் என்று துறைகளுக்கு எழுதியது. நடுவர் மன்றம் தாமதமாகிறது, செலவாகிறது, அதன்பிறகும் வழக்கு முடிவதில்லை என்பது அமைச்சகத்தின் வாதம். பாதி உண்மை. முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் அரசே போடும் மேல்முறையீடு என்பது மீதிப் பாதி. சமரசத்திலும் அதே முள் இருக்கிறது: 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டப்படி அரசுத் தரப்பு உடன்படிக்கைக்கு உரிய அதிகாரியின் எழுத்து ஒப்புதல் வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குபவரைச் சமரச மேசைக்கு மாற்றி உட்காரவைத்தால் தயக்கம் போய்விடாது.

வெளியே சில நாடுகள் பிரச்சினையை வேறு முனையில் பிடித்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமான பில் தகராறை ஒரு தீர்வாளர் சாதாரணமாக 28 நாளில் முடிவுசெய்வார். பணத்தை முதலில் கொடு, சண்டையைப் பிறகு போடு என்பது அதன் கொள்கை. தமிழ்த் தொழிலாளர்கள் பலர் கட்டட வேலை செய்யும் சிங்கப்பூரில் 2005 முதலும், மலேசியாவில் 2014 முதலும் இதே வகைச் சட்டங்கள் நடக்கின்றன. இந்தியாவில் அப்படியொன்று இல்லை. நாற்பது லட்சத்துக் காண்ட்ராக்டருக்குத் தேவைப்படுவது இதுதான். அவர் வழக்குப் போடத் தயங்குவதற்குச் செலவு ஒரு காரணம். இன்று வழக்குப் போட்ட அலுவலகத்திலேயே அடுத்த மாதம் டெண்டர் போட வேண்டும் என்பது பெரிய காரணம். ஒவ்வொரு பில்லையும் ஒரு வெளியாள் ஒரு மாதத்தில் பார்த்துவிடுவார் என்பது விதியாகவே இருந்தால், போய்க் கேட்பது பகையாகாது. அதுவரை பழனி, திண்டுக்கல் வக்கீல்கள் அரசு வேலை எடுப்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: பாறையைக் கண்ட அன்றே கடிதம் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள், எம்-புக் பதிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், மூன்றாம் வருஷம் முடிவதற்குள் வாருங்கள்.